கோடவுனுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஏணி போதுமா? எது வாங்கலாம்?

ஈரோடு_ஜவுளி:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் சின்னதாக ஜவுளி மொத்த வியாபாரம், கடைக்குப் பின்னாலேயே கோடவுன். இரும்பு ரேக் 12 அடி உயரம், மேல் தட்டு தரையிலிருந்து 10 அடியில் இருக்கிறது. லுங்கி, துண்டு, பெட்ஷீட் பண்டல்கள்தான், ஒவ்வொன்றும் 20, 25 கிலோ வரும். இப்போது கையில் இருப்பது முன்பு வாடகைக்கு இருந்தவர் விட்டுப்போன அலுமினிய ஏணி, சாய்த்து வைக்கிற வகை. ஒரு கால் லேசாக வளைந்திருக்கிறது, அடி ரப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் மிச்சம். பையன்கள் அதை ரேக்கிலேயே சாய்த்து ஏறி, பண்டலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் பிடித்தபடி இறங்குகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. சொன்னால் "பழகிடுச்சுண்ணே" என்று சிரிக்கிறார்கள்.

வீட்டில் வேறு கூத்து. அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். ஃபேன் துடைக்கக் கட்டில் மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் பரணைக் காலி செய்கிறேன் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். இது போக மாடியில் ஹெட்ரூம் மேல் தண்ணீர் டேங்க், 9 அடி உயரம், ஏறுவதற்குப் படி கிடையாது.

ஆன்லைனில் மடக்கி நீட்டுகிற டெலஸ்கோப்பிக் ஏணி பார்த்தேன், 12 அடிக்கு மேல் நீள்கிறது, மடக்கினால் கார் டிக்கியில் போகிறது. இது ஒன்றை வாங்கி இரண்டு இடத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா? அலுமினியமா, ஃபைபரா? 15,000 வரை செலவு செய்யலாம். "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன வாங்குவது, எப்படி வைப்பது என்று சொன்னால் உபயோகமாக இருக்கும்.

டிக்கி_நிறைய_சாமான்:

டெலஸ்கோப்பிக் வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். என்னிடம் இருக்கிறது, ஏசி சர்வீஸ் வேலைக்கு எடுத்துப் போகிறேன், இடத்தை அடைக்காது. ஒரே விஷயம், மடக்கும்போது விரலை நடுவில் கொடுத்துவிடாதீர்கள்.

ஓசூர்_சேஃப்டி:

மேலே சொன்ன நண்பர் தப்பாக நினைக்க வேண்டாம், உங்கள் வேலைக்கு அது சரி, ஈரோட்டுக்காரர் கோடவுனுக்குச் சரியில்லை. ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி, அலுமினியமா ஃபைபரா என்பதெல்லாம் கடைசியில் பார்க்க வேண்டியது. மேலே போய் என்ன வேலை, எவ்வளவு நேரம், கையில் என்ன இருக்கும், முதலில் அதைச் சொல்லுங்கள். ஃபேன் துடைப்பது ஐந்து நிமிட வேலை, கையில் துணி மட்டும். கோடவுனில் நாளெல்லாம் ஏறி இறங்குவது, அதுவும் 25 கிலோவோடு. இந்த இரண்டையும் ஒரே ஏணியால் செய்யவே முடியாது, எவ்வளவு விலை கொடுத்தாலும் சரி. பிரிட்டனில் தொழிலிடப் பாதுகாப்பைப் பார்க்கும் எச்.எஸ்.ஈ. அமைப்பு ஏணிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரு தடவையில் அரை மணி நேரத்துக்கு மேல் போகிற வேலைக்கும் 10 கிலோவுக்கு மேல் சுமக்கிற வேலைக்கும் ஏணி வேண்டாம், வேறு வழி பாருங்கள் என்று. உங்கள் பண்டல் அதைப்போல் இரண்டரை மடங்கு.

ஏணியின் மேல் "150 கிலோ தாங்கும்" என்று ஸ்டிக்கர் இருக்குமே, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 70 கிலோ ஆளும் 25 கிலோ பண்டலும் சேர்ந்தால் 95தான், ஏணி உடையாது, நிஜம். ஆனால் பெரும்பாலும் உடைந்து விழுவதில்லை. அடி சறுக்கும், அல்லது ஆள் ஒரு பக்கமாக எட்டும்போது ஏணி பக்கவாட்டில் சாயும். தோளில் பண்டல் இருந்தால் ஒரு கை போச்சு, எடை முழுக்க ஒரு பக்கம் போச்சு, இறங்கும்போது அடுத்த படியும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும், எப்போதும் மூன்று இடத்தில் ஏணியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பது பாலபாடம். பண்டலோடு அது நடக்காது.

ரேக்கில் சாய்ப்பது இன்னும் மோசம். ரேக்கைத் தரையிலும் சுவரிலும் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஏணி வாங்குவதற்கு முன்னால் அந்த வேலையை முடியுங்கள். மேல் தட்டில் கனமும் கீழ்த் தட்டு காலியுமாக இருக்கும் ஒரு நாளில், ஏறுகிற ஆளோடு சேர்ந்து ரேக்கும் வரும்.

உங்களுக்குத் தேவையானது சக்கரம் வைத்த மேடை ஏணி. படி அகலமாக, இரண்டு பக்கமும் கைப்பிடி, உச்சியில் நின்று வேலை செய்ய ஒரு தட்டு, அதைச் சுற்றி மூன்று பக்கம் கம்பி. ஆள் ஏறியவுடன் சக்கரம் உள்ளே அமுங்கி நான்கு காலும் தரையில் உட்காருகிற மாதிரி வருகிறது, இல்லையென்றால் காலால் மிதித்துப் பூட்டுகிற லாக் இருக்கும், முதல் வகைதான் நல்லது, ஏனென்றால் லாக் போட எவனும் ஞாபகம் வைக்க மாட்டான். உயரம் எப்படிப் பார்ப்பது என்றால், மேல் தட்டு 10 அடியில் இருக்கிறது, அது பையனின் நெஞ்சுக்கு நேராக வர வேண்டும், சராசரி ஆளுக்கு நெஞ்சு நாலே கால் அடியில் வரும், ஆக நிற்கிற மேடை 6 அடி உயரத்தில் இருந்தால் சரியாக இருக்கும். இதைவிட உயரமாக வாங்கினால் குனிவான், தாழ்வாக வாங்கினால் எட்டி எட்டி இழுப்பான். உங்கள் ஊரிலேயே ரேக் அடித்துக் கொடுக்கிற பட்டறையில் இரும்பில் செய்து தருவார்கள், ஆனால் அடி அகலமாக இருக்க வேண்டும், சக்கர லாக்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள்.

அப்புறம் சரக்கை மாற்றி அடுக்குங்கள். தினமும் ஓடுகிற சரக்கும் கனமான பண்டலும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தட்டுகளில், சீசனுக்கு மட்டும் எடுக்கிறதும் எடை குறைந்ததும் மேலே. பாதி ஏற்றம் அதிலேயே குறைந்துவிடும். மேலிருந்து இறக்குவதற்கு உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, மற்ற வியாபாரிகளுக்குக் கிடையாது: துணி பண்டல் விழுந்தால் உடையாது. கீழே ஒரு தார்ப்பாய் விரித்து, அந்த இடத்துக்குள் யாரும் வராமல் கயிறு கட்டி, தள்ளிவிடச் சொல்லுங்கள். தோளில் சுமந்து இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஏற்றுவதுதான் சிரமம், அதற்கு ஆள் பம்ப் அடித்துத் தூக்குகிற கை ஸ்டேக்கர் இருக்கிறது, செலவு உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், அதுவரை பண்டலைப் பிரித்துச் சின்னதாகக் கட்டி ஏற்றுங்கள், மேடையில் ஒருவர் நின்று கீழிருந்து கொடுப்பதை வாங்கட்டும்.

கம்பி_பிடிப்பவன்:

நான் எலக்ட்ரீஷியன், மதுரைப் பக்கம். மேலே அண்ணன் சொன்னதில் கரண்ட் விஷயம் விட்டுப்போச்சு, அதை நான் சொல்கிறேன்.

வீட்டில் ஃபேன், டியூப்லைட் பக்கம் போகிற எதற்கும் அலுமினிய ஏணி வேண்டாம். ஃபைபர் வாங்குங்கள், எஃப்.ஆர்.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள், மஞ்சள் அல்லது ஆரஞ்சு கலரில் இருக்கும், படி மட்டும் அலுமினியம், இரண்டு பக்கக் காலும் ஃபைபர். நிறையப் பேருக்கு ஷாக் அடித்தே உயிர் போகும் என்றுதான் பயம். ஏணி மேல் நிற்கிறவனுக்கு அவ்வளவு வேண்டாம், சுருக்கென்று ஒரு சின்ன ஷாக் போதும், கையை உதறுவான், உதறினால் விழுவான். கரண்ட் கசிந்தால் உடனே டிரிப் ஆகி சப்ளையை வெட்டுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தாலும் அந்த உதறலைத் தடுக்காது. அது உயிரைக் காப்பாற்றும், விழுவதைக் காப்பாற்றாது.

ஃபேன் துடைக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பாதீர்கள். பழைய வயரிங்கில் சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்திருப்பார்கள், ஃபேன் நிற்கும், ஆனால் ஃபேஸ் மேலே வரை இருக்கும், ஈரத் துணியோடு கை வைத்தால் தெரியும். எம்.சி.பி.யை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீடாக இருந்தால் இன்னொன்று: மெயினை இறக்கியவுடன் ஈ.பி. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையை ஆரம்பித்துவிடும், ஃபேனும் லைட்டும் பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, ஃபேன் மேலே கப்புக்குள் இருக்கும் கனெக்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்றால் அது நல்ல டெஸ்டர்தானா என்று ஓடுகிற ஒரு பிளக்கில் வைத்தும் பாருங்கள். இதெல்லாம் தெரியாதவர்கள் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு கப்பைக் கழற்றாமல் இருப்பது நல்லது.

மாடியில் டேங்க் என்றீர்களே, வீட்டை ஒட்டி லைன் போகிறதா? 11 கே.வி. லைனுக்கும் கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணைய விதியில் இருக்கிறது, ஆனால் அது கட்டிடத்துக்கு. ஏணியை நட்டமாகத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவனுக்கு அந்த இடைவெளி எந்த மூலைக்கு? 12 அடி ஏணி ஒரு சாய்வில் அத்தனையையும் தின்றுவிடும். உயர் அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். லைனிலிருந்து 10 அடிக்குள் எந்த ஏணியும் போகக் கூடாது, அந்த 10 அடிக்குள்தான் டேங்க் இருக்கிறது என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏணியை எடுத்துப் போகும்போது எப்போதும் படுக்கவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர்.

ஃபைபர் ஏணியை மொட்டை மாடி வெயிலில் போட்டுவைத்தால் மேல் பூச்சு போய் நூல் நூலாகக் கிளம்பும், கையில் குத்தும், அப்புறம் ஈரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். ஈரமும் அழுக்கும் ஏறிய ஃபைபர் ஏணியும் கரண்டைக் கடத்தும். நிழலில், சுவரில் இரண்டு கொக்கி அடித்துப் படுக்கையாக மாட்டுங்கள். நிமிர்த்தி வைத்தால் குழந்தைகள் ஏறும், திருடனுக்கும் வசதி.

வார்டு_அக்கா:

எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். தம்பி, கோடவுனை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உங்கள் அப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் உயரத்தில் ஏறவே கூடாது. ஏணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுவது சகஜம், அதோடு ஃபேன் துடைக்கிறவர் தலையைப் பின்னால் சாய்த்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார், கழுத்துத் தேய்மானம் உள்ள வயதில் அதுவே தனியாக ஒரு தலைசுற்றல். கட்டில் மெத்தை மேல் ஸ்டூல் என்பது கேட்கவே பயமாக இருக்கிறது.

நீளக் கைப்பிடி போட்ட வளைந்த பிரஷ் கடையில் கிடைக்கிறது, ஃபேன் இறக்கையை மேலும் கீழும் ஒரே இழுப்பில் துடைத்துவிடும், தரையில் நின்றே செய்யலாம். அதை வாங்கி அவர் கையில் கொடுங்கள். வேலையைப் பிடுங்கினால்தான் பெரியவர்களுக்குக் கோபம் வரும், நம் கண் மறைந்ததும் ஸ்டூலைத் தேடுவார்கள். பரணிலிருந்து இறக்குவதை நீங்கள் செய்யுங்கள், கீழே உட்கார்ந்து எதை வைப்பது எதை எறிவது என்று சொல்லும் வேலை அவருடையது, அதில் அவருக்கு இன்னும் சந்தோஷம்.

யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோடவுனுக்கும் சேர்த்து. விழுந்த உடனே இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பார்கள், சோடா கொடுப்பார்கள், இரண்டும் வேண்டாம். கழுத்து வலி, முதுகு வலி, கை கால் மரத்துப்போச்சு என்றால் கிடந்த இடத்திலேயே தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு 108க்குச் சொல்லுங்கள். காலால் நேராகக் குதித்த மாதிரி விழுந்து குதிகால் வீங்கியிருந்தால், "கால் மட்டும்தான்" என்று கட்டுப்போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், குதிகால் உடைகிற வேகம் அப்படியே மேலே போய் இடுப்புக்கு மேல் முதுகெலும்பையும் நசுக்கியிருக்கலாம், டாக்டரிடம் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்று தவறாமல் சொல்லுங்கள். தலையில் அடி என்றால், பட்டவுடன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்து மயங்குவது உண்டு. வாந்தி, தூக்கக் கலக்கம், அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி ஏதாவது வந்தால் உடனே கிளம்புங்கள். உங்கள் அப்பா மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம், நன்றாக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி, மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு.

தோப்புக்காரன்:

இத்தனை பேச்சா ஒரு ஏணிக்கு! எங்கள் ஊரில் இன்னும் மூங்கில் ஏணிதான், வெள்ளையடிக்க, கூரை வேய, மாங்காய் பறிக்க எல்லாம் அதுதான். வளையும், எடை குறைவு, கரண்ட் பயமும் அவ்வளவாக இல்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஓடுகிறது. கயிற்றை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாகக் கட்டினால் போதும்.

கம்பி_பிடிப்பவன்:

காய்ந்த மூங்கில் என்றால் சரி அண்ணே, மழையில் நனைந்த மூங்கிலை நம்பி லைன் பக்கம் போகாதீர்கள்.

ஓசூர்_சேஃப்டி:

தோப்புக்காரரே, மூங்கிலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மண் தரைக்கு வந்த ஏணி. கால் மண்ணில் கொஞ்சம் பதிந்து நிற்கும், அதனால்தான் தோப்பில் சறுக்குவதில்லை. அதே ஏணியைக் கிரானைட்டிலோ டைல்ஸிலோ வைத்துப் பாருங்கள். வெள்ளையடிக்க வருகிறவர்கள் இப்போதும் மூங்கிலோடு வருவார்கள், ஈரோட்டுக்காரர் கவனிக்க வேண்டும், உங்கள் வீட்டில் என்ன தரை என்று தெரியவில்லை. கணுவில் நெடுக்காக வெடிப்பு இருக்கிறதா, தட்டினால் மாவு கொட்டுகிறதா, படியை ஆட்டினால் கயிறு நெகிழ்கிறதா, மூன்றையும் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். கெட்டியாகப் பெயிண்ட் அடித்த மர ஏணி, மூங்கில் ஏணி எதையும் நம்பாதீர்கள், பெயிண்டுக்கு அடியில் வெடிப்பு தெரியாது. ஏணிகளுக்கென்றே ஐ.எஸ். 3696 இரண்டாம் பாகம் என்று 1991இல் வந்த இந்தியத் தரம் ஒன்று இருக்கிறது, ஆர்வம் இருந்தால் தேடிப் படியுங்கள், நீளமாக ஒன்றும் இருக்காது.

ஈரோடு_ஜவுளி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மேடை ஏணிக்குப் பட்டறையில் இன்றே கேட்டுவிட்டேன், செய்து தருகிறேன் என்கிறார். பிரஷ்ஷும் வாங்கியாகிவிட்டது, அக்கா சொன்ன மாதிரி அப்பா கையில் கொடுத்ததும் வீட்டில் இருக்கிற எல்லா ஃபேனையும் துடைத்துவிட்டார், இனி பக்கத்து வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு சந்தேகம். ஒன்று, டேங்க்குக்கு ஏற சாய்ப்பு ஏணிதானே வேண்டும், அதை எப்படிச் சரியாக வைப்பது? கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் போதாதா, பையன்கள் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது, வீட்டுக்குள் பரணுக்கு எத்தனை படி ஏணி?

ஓசூர்_சேஃப்டி:

கீழே பிடிப்பது பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன், பையன்களுக்குக் காட்டுங்கள். ஆளும் ஏணியும் சேர்ந்து 100 கிலோ, ஆள் உச்சியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரத்துக்கு நாலில் ஒரு பங்கு அடியை வெளியே இழுத்து வைத்தால், அதாவது ஏறக்குறைய 75 டிகிரி, ஏணியின் அடி 25 கிலோ விசையோடு வெளியே சறுக்கப் பார்க்கும். 60 டிகிரிக்குச் சாய்த்தால் அதே ஆளுக்கு 58 கிலோ. 45 டிகிரி என்றால் நூறு கிலோவும் சறுக்கலுக்கே போகும். 25 கிலோவை ரப்பர் கால் தரையைப் பிடித்துத் தாங்கும். 58 கிலோவை உங்கள் பையன் காலை வைத்துத் தாங்குவானா? அதுவும் பாதி நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு. பிடிக்க ஆள் இருப்பது தப்பில்லை, கடைசித் துணை அது, முதல் துணை சாய்வு. ஏணியை ரொம்ப நட்டமாக வைத்தாலும் ஆபத்து, ஆள் பின்னால் சாய்ந்தவுடன் ஏணியும் கூடவே வரும்.

டேப் இல்லாமல் பார்க்க ஒரு வழி: ஏணியின் அடியில் கால் விரல் முட்டுகிற மாதிரி நேராக நின்று, இரண்டு கையையும் தோள் உயரத்தில் முன்னால் நீட்டுங்கள். உள்ளங்கை படியில் சரியாகப் பட்டால் சாய்வு சரி. எட்டவில்லை என்றால் அடியை உள்ளே தள்ளுங்கள்.

உங்கள் ஹெட்ரூம் 9 அடி. அதாவது அடி சுவரிலிருந்து இரண்டே கால் அடி தள்ளி இருக்க வேண்டும். மேலே கால் வைத்து இறங்குகிற இடமென்றால் விளிம்புக்கு மேல் இன்னும் 3 அடி ஏணி நீண்டிருக்க வேண்டும், ஏணியிலிருந்து தளத்துக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடியில் பிடித்துக்கொள்ள எதாவது வேண்டுமே, பலர் விழுவது அங்கேதான். ஆக 13 அடி ஏணி. மேல் முனையை ஒரு கொக்கியில் கயிற்றால் கட்டுங்கள், கட்டுவதற்கு முதல் தடவை ஏறும்போது மட்டும் கீழே ஆள் பிடிக்கட்டும். பிளாஸ்டிக் டேங்க் மேலேயோ பி.வி.சி. பைப்பிலோ சாய்க்கவே கூடாது. ஏறும்போது ஏணியைப் பார்த்து, இறங்கும்போதும் ஏணியைப் பார்த்து. உங்கள் தொப்புள் ஏணியின் இரண்டு பக்கக் காலுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், வெளியே போனால் எட்டுகிறீர்கள், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர், பிரஷ் எல்லாம் வாளியில் போட்டுக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். ஹவாய் செருப்பு, தூக்கிக் கட்டாத வேட்டி, சறுக்குகிற ஈரக் கால், இது எதுவும் ஏணிக்கு ஆகாது.

நிஜமாகச் சொல்வதென்றால் டேங்க்குக்கு இந்த ஏணியே வேண்டாம். வருஷக்கணக்காக ஏறப்போகிற இடம், இரும்பு ஏணி ஒன்றைச் சுவரோடு நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள், மேலே 3 அடி கைப்பிடியோடு. குழந்தைகள் இருந்தால் கீழ்ப் பகுதிக்கு ஒரு கதவு மாதிரி தகடு.

கம்பி_பிடிப்பவன்:

பதிக்கும்போது செங்கல் சுவரில் ஸ்க்ரூ அடித்து விட்டுவிடுவார்கள், பிளாஸ்டர் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கான்க்ரீட் பீமில் அல்லது தூணில் ஆங்கர் போடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை சுவரைத் தொடுகிற இடத்தில் துரு பாருங்கள், மழைத்தண்ணீர் அங்கேதான் தங்கும்.

பரணுக்கு ஏ டைப் ஏணி போதும், விரித்தால் 'A' எழுத்து மாதிரி எதிலும் சாய்க்காமல் தானே நிற்கிற வகை. பரண் அடித்தட்டு சாதாரணமாக 7 அடியில் இருக்கும், நிற்கிற தட்டு 3 அடியில் இருந்தால் ஐந்தரை அடி ஆளுக்குத் தலை எட்டரை அடிக்கு வந்துவிடும், பெட்டியை நெஞ்சுக்கு நேராக இழுக்கலாம். உச்சியில் அகலமான தட்டும் அதற்கு மேல் முழங்காலுக்குப் பிடிமானமாக ஒரு கம்பியும் இருக்கிற மாடலாகப் பாருங்கள். அந்தக் கம்பி இல்லாத ஏ டைப் ஏணியில் உச்சிப் படியில் நிற்கக் கூடாது, இரண்டு படி விட்டுத்தான் நிற்க வேண்டும், அப்போது அதற்கேற்ற மாதிரி உயரமாக வாங்க வேண்டியிருக்கும். நடுவில் மடங்குகிற பட்டை முழுக்க விரிந்து பூட்டியிருக்க வேண்டும். இடமில்லை என்று மடக்கி சுவரில் சாய்த்து ஏறுவதை நிறைய வீட்டில் பார்க்கிறேன், அந்தக் கால் அந்தக் கோணத்துக்குச் செய்ததே இல்லை, ரப்பர் தரையில் படவே படாது. கதவு பக்கத்தில் போட்டால் கதவைத் தாழ் போட்டுவிடுங்கள். டிரில் பிடிக்கிற வேலை என்றால் சுவருக்கு எதிரே ஏணியின் முகம் இருக்கட்டும், பக்கவாட்டில் நின்று டிரில்லை அழுத்தினால் நாமே ஏணியைத் தள்ளிவிடுகிற மாதிரி ஆகும்.

டிக்கி_நிறைய_சாமான்:

சரி, டெலஸ்கோப்பிக்கை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டீர்கள். வெளியூர் வேலைக்கு அதை விட்டால் என்ன வழி?

ஓசூர்_சேஃப்டி:

ஒதுக்கவில்லை, உங்கள் மாதிரி தினமும் வேறு வேறு இடத்துக்குப் போகிறவருக்கு அதுதான் சரி. ஒவ்வொரு அடுக்கும் நீளும்போது இரண்டு பக்கத்து ஊசியும் உள்ளே போய்ப் பூட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள், சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ஊசி பூட்டாமல் இருந்தால் நீங்கள் ஏறின பிறகுதான் அடுக்கு இறங்கும். சிமென்ட் தூசியும் பஞ்சுத் தூசியும் அந்த ஓட்டைக்குள் போனால் ஊசி பாதியில் நிற்கும், கோடவுனுக்கு வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மடக்குங்கள். எண்ணெய் போடாதீர்கள், எண்ணெயில் தூசி ஒட்டும்.

ஈரோடு_ஜவுளி:

தெளிவாகிவிட்டது. கோடவுனுக்கு 6 அடி மேடை ஏணி, வீட்டுக்கு ஃபைபர் ஏ டைப், டேங்க்குக்குப் பதிக்கிற இரும்பு ஏணி. பட்ஜெட் ஏறுகிறது, அதனால் டேங்க் வேலையைப் பொங்கல் கழித்துச் செய்கிறேன், அதுவரை யாரும் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரேக்குக்கு ஆங்கர் போட நாளை ஆள் வருகிறார். பழைய அலுமினிய ஏணியின் வளைந்த காலைச் சுத்தியலால் நிமிர்த்தி, புது ரப்பர் போட்டு, தோட்டத்தில் எதற்காவது வைத்துக்கொள்ளலாமா? இல்லை எடைக்குப் போட்டுவிடவா?

ஓசூர்_சேஃப்டி:

நிமிர்த்தாதீர்கள். வளைந்த அலுமினியத்தைத் திருப்பி வளைத்தால் அந்த இடம் இன்னும் பலவீனமாகும், வெளியே பார்க்க நேராக இருப்பதால் அடுத்தவன் நம்பி ஏறுவான். எடைக்குப் போடுங்கள், ஆனால் போடுவதற்கு முன்னால் இரண்டு காலையும் நடுவில் ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். முழுசாகக் கொடுத்தால் பழைய இரும்புக் கடைக்காரர் அதை ஏணியாகவே வேறு யாருக்காவது விற்றுவிடுவார்.